பங்கார் கடைத் தராசு

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் காலை நேரத்தில் அந்தச் சந்துக்குள் வரக் கூடாது. வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இட்லிக் கொப்பரை. ஒரு வாசலில் மூடியைத் திறந்தால் எதிர்வாசல் தெரியாது, அவ்வளவு ஆவி. மாதுங்காவிலோ சயானிலோ தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, தூக்குவாளிச் சட்னியோடு இட்லி விற்கிற அண்ணாச்சியிடம் நீங்கள் எப்போதாவது வாங்கித் தின்றிருந்தால், அது தாராவியின் இந்தச் சந்தில் வெந்ததாக இருக்கவும் கூடும்.

அதிலும் பேராச்சி வீட்டு இட்லிக்குத் தனி மவுசு. ஜூலை மாத அடைமழையில் மற்றவர்கள் மாவெல்லாம் பொங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் கிடக்கும். அவள் கரைத்து வைத்த மாவு மட்டும் சட்டியை விட்டு இறங்கி நடக்கப் பார்க்கும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் இசக்கிப்பாண்டி விடிந்ததும் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு மாதுங்காவுக்குப் போவான். அங்கே வேங்கடசுப்ரமணியன் மெஸ்ஸுக்குத் தினப்படி இட்லி இவர்கள் கொடுப்பதுதான். அந்த ஆர்டர் இருக்கிறவரை வீட்டில் அடுப்பு எரியும். அது போனால் என்ன ஆகும் என்று பேராச்சி நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. நினைக்கவே பயம்.

அடுத்த வீடு நஜ்முன்னிசா. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர். இங்கே இருமினால் அங்கே தூக்கம் கலையும். பேராச்சி ஒட்டடைக்குச்சி உடம்புக்காரி. நஜ்முன்னிசா வாசலில் வந்து நின்றால் உள்ளே விளக்குப் போட வேண்டும். வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சமம். கடையநல்லூர்க்காரிக்கும் நாங்குநேரிக்காரிக்கும் குழாயடியில் தொடங்கிய சண்டை எப்போது சிநேகிதமானது என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டுதான் சிநேகிதமாக இருக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தகரச் சுவர் வழியாகத்தான் விஷயம் போனது. பேராச்சிக்கு இருமல் நின்றபாடில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், சோறு இறங்கவில்லை, உடம்பு கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் நஜ்முன்னிசா வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏளா, நீ ஆஸ்பத்திரிக்குப் போறியா, இல்ல நான் தூக்கிட்டுப் போவா?”

“எக்கா, டிபின்னு சொல்லிட்டா? இட்லிக்காரிக்கு டிபின்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வாங்குவானா?”

“தெரிஞ்சாத்தான?”

“இங்க ஆஸ்பத்திரில பேரு கூப்பிட்டா நம்ம சந்துல பாதிப் பேரு திரும்பிப் பாப்பாவ.”

“செம்பூருக்குப் போ. அங்க டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கு. எங் கார்ட எடுத்துட்டுப் போ. நஜ்முன்னிசான்னு எழுதிக்கிடட்டும். உம் பேரே வராது.”

“படத்துல நீங்கள்லா இருக்கிய!”

“அந்தப் படத்துல நானே நான் மாதிரி இல்ல, போளா.”

இப்படித்தான் ஆனது. நல்ல யோசனையா என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் படித்தவர்கள் இல்லை, பயந்தவர்கள். நஜ்முன்னிசாவின் புர்காவுக்குள் பேராச்சி நுழைந்தால் இன்னொரு பேராச்சிக்கும் உள்ளே இடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் நர்ஸ் “நஜ்முன்னிசா, நஜ்முன்னிசா” என்று தொண்டை கிழியக் கூப்பிட, இவள் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த கிழவி இடித்து எழுப்பிவிட்டாள்.

மருந்து தவறாமல் தின்றாள். ‘இடுப்புப் பிடிச்சிருக்கு, குனிய முடியல’ என்று சந்தில் சொல்லிவிட்டு, டாக்டர் ‘இனி யாருக்கும் ஒட்டாது’ என்று சொல்லும்வரை அடுப்புப் பக்கமே போகவில்லை. அதுவரை மாவு கரைத்ததும் இட்லி ஊற்றியதும் நஜ்முன்னிசா. அந்த நாட்களில் மெஸ்ஸிலிருந்து ஒரு சொல் வந்தது: ‘இப்போ ரொம்ப சாஃப்டா இருக்கு, இதே மாதிரி அனுப்பச் சொல்லு.’ அதைக் கேட்டதிலிருந்து நஜ்முன்னிசாவைப் பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் சண்டையில் கடைசி அஸ்திரம் அதுதான். “ஐயரே எங் கை இட்லியத்தாம்ளா நல்லாருக்குன்னாரு!”

பேராச்சிக்கு முழுசாகக் குணமானது. உடம்பு தேறியது. விஷயம் பேராச்சி, இசக்கிப்பாண்டி, நஜ்முன்னிசா மூவரோடு முடிந்தது. நஜ்முன்னிசாவின் புருஷன் வெளிநாட்டில். மகள் சஃப்ரீன் அப்போது புனேயில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த சஃப்ரீனுக்குச் செம்பூரில் வேலை. என்ன வேலை என்று சந்தில் யாருக்கும் விளங்கவில்லை. ‘ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்’ என்று நஜ்முன்னிசா சொல்லிக்கொள்வாள். ஒருநாள் சாயங்காலம் சங்க ஹாலில் கூட்டம் என்று சஃப்ரீனே வீடு வீடாக வந்து கூப்பிட்டாள். தமிழ் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஆபீஸில் இவளை அனுப்பியிருந்தார்கள். கூட்டத்துக்கு இட்லி பேராச்சி வீட்டிலிருந்து. அதனால் ஹாலில் இடம் இல்லை.

சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினாள். தலையில் துப்பட்டா, காலில் ஷூ, கையில் மைக். பேராச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துச் சோறூட்டிய பிள்ளை.

“நாங்க மூணு ஆஸ்பத்திரிக் கணக்கச் சேத்துப் பாக்கோம்,” என்றாள் சஃப்ரீன். “எந்த ஏரியால எந்த நோவு கூடுது, எந்த மருந்து கேக்குதுன்னு தெரியணும்ல, அதுக்கு. ஆனா ஒரு ஆஸ்பத்திரிக் காகிதம் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகாது. எங்களுக்கும் வராது. மத்லப், எங்க கணக்குப் போடுற மெஷின் அங்க போகும், அங்கயே எண்ணும், எத்தனைங்கிறது மட்டும் வெளிய வரும்.”

“அப்ப எம் பேரு தெரியுமுல்லா?” என்று ஒருத்தி எழுந்தாள்.

“தெரியாது மாமி. பேரு, கார்டு நம்பரு எல்லாத்தையும் மெஷின் அரைச்சு மாவாக்கிரும். ஒரே ஆளு ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு எடத்துலயும் ஒரே மாவு வரும். ஒரே ஆளுன்னு தெரியும், யாருன்னு தெரியாது. அரைச்ச மாவுல இருந்து அரிசிய எடுக்க முடியுமா?”

இட்லிக்காரச் சந்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? தலையாட்டினார்கள். பேராச்சிக்கும் மனசு லேசானது. மூன்று வருஷமாக நெஞ்சில் இருந்த ஒரு சின்ன உறுத்தல்கூட அந்த மாவோடு கரைந்த மாதிரி இருந்தது.

அதோடு இறங்கியிருக்கலாம் அந்தப் பிள்ளை. கைதட்டல் யாரை விட்டது?

“கடைசியா ஒரு மஜா சொல்லுதேன்,” என்றாள். “கம்ப்யூட்டரும் உளறும். நம்ம ஏரியால நாப்பது வயசு தாண்டுன ஒரு பொம்பள. சுகருக்கு ஒரு ஆஸ்பத்திரி, அங்க எடை எண்பத்தொண்ணு. அதே மாசம் டிபிக்கு இன்னொரு ஆஸ்பத்திரி, அங்க எடை முப்பத்தொம்பது! மூணு வருஷம் முன்னாடி. பஸ்ல ஏறும்போது குண்டு, எறங்கும்போது ஒல்லி!”

ஹால் அதிர்ந்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவள் நஜ்முன்னிசா. சிரித்துக்கொண்டே பேராச்சியின் தொடையைக் கிள்ளினாள். பேராச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் இல்லைதான். ஆனால் தன் உடம்பைத் தூக்கி அந்த வெள்ளைத் துணியில் காட்டியதுபோல் இருந்தது. அரிசியை எடுக்க முடியாது, சரி. மாவில் கல் கிடந்தால் பல்லுக்குத் தெரியாதா?

முன்வரிசையில் பேச்சிராஜா விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். அவரும் இட்லி வியாபாரிதான். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் எந்த விஷயமும் அவர் வாய்க்குள் ஒரு ராத்திரி தங்காது. அவர் விரலைப் பார்த்ததும் சஃப்ரீன் சிரிப்பை நிறுத்தினாள். முகம் வெளுத்தது. அவசரமாகப் படத்தை அணைத்துவிட்டு, “அது எரர்தான், யாரும் பெருசா எடுத்துக்காதீங்க” என்றாள். யார் கேட்டார்கள்?

மறுநாள் குழாயடியில் பேச்சு முழுக்க ‘ஏறும்போது குண்டு’தான். பேச்சிராஜா குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் துப்பறிய ஆரம்பித்தார்.

“ஏதோ ஒண்ணு நெசம், ஒண்ணு பொய். குண்டு நெசமா, ஒல்லி நெசமா? மூணு வருசம் முன்னாடி யாரு மெலிஞ்சு கெடந்தா?” சுற்றிப் பார்த்தவர் கண் பேராச்சியிடம் நின்றது. “ஏம்மா, நீகூட அப்ப எலும்பாத்தான கெடந்த?”

பேராச்சி வாயைத் திறப்பதற்குள் நஜ்முன்னிசா பாய்ந்தாள். “அவ என்னைக்கு அண்ணாச்சி சதையோட இருந்தா? நாங்கூடத்தான் அந்த வருசம் நோன்புல மெலிஞ்சேன். என்னையும் எழுதிக்கிடும்!”

நஜ்முன்னிசா மெலிந்தாள் என்றதும் குழாயடியே குடத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தது.

சஃப்ரீன் வேலைக்குக் கிளம்பியவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“மாமா, எங்க ஆபீஸ்ல ஒரு சட்டம் உண்டு. பத்துப் பேருக்குக் கொறஞ்ச கணக்க வெளிய காட்டக் கூடாது. நீங்கள்லாம் சிரிக்கணும்னு நான் காட்டிட்டேன். தப்பு எம் மேல. பெரிய மேடத்துட்டயும் சொல்லிட்டேன். அந்தப் படத்த அழிச்சாச்சு. தேடாதீங்க மாமா, ப்ளீஸ்.”

“நீ ஏம்மா அழுத? நாங்க சும்மா தமாசுக்குத்தான்,” என்றார் பேச்சிராஜா. தமாசு சைக்கிளில் ஏறி மாதுங்கா போனது.

போன தமாசு அவரையே திருப்பிக் கடித்தது, கேளுங்கள். கிங்ஸ் சர்க்கிளில் இட்லி கொடுத்துக்கொண்டே நாலு பேரிடம் ‘எங்க சந்துல ஒரு விசயம் தெரியுமா’ என்று ஆரம்பித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அதே நாலு பேர், ‘அண்ணா, உங்க இட்லிச் சந்துல டிபியாமே?’ என்று இவரையே கேட்டுவிட்டு வடாபாவ் தின்னப் போய்விட்டார்கள். முழுக்கூடையோடு திரும்பி வந்தார் மனுஷன். அன்றைக்கு அவர் வீட்டில் மூன்று வேளையும் இட்லி, பக்கத்து வீடுகளுக்கும் இட்லி.

அவருக்கு அதோடு போயிற்று. பேராச்சிக்கு அப்படியா? இசக்கிப்பாண்டி மெஸ்ஸிலிருந்து திரும்பி சைக்கிளைச் சுவரில் சாய்த்தவன் உள்ளே வராமல் நின்றான்.

“ஏட்டி, ஐயரு ஞாயித்துக்கெழம இங்க வாராராம்.”

“எதுக்கு?”

“‘என்னமோ டிபின்னு பேசிக்கறாளேப்பா, நான் ஒரு தடவை வந்து பாத்துட்டுதான் மேல சொல்லணும்’னுட்டாரு.”

பேராச்சி தலையில் உலக்கை விழுந்தவள்போல் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் புர்காவுக்குள் ஒளித்து வைத்தது, ஒரு சிரிப்புக்காக மாதுங்கா வரை போய்விட்டதே! அழுகையும் ஆத்திரமும் வந்தன. அந்தச் சின்னப்பிள்ளை மேல் ஆத்திரப்படவும் மனசு வரவில்லை.

சுவருக்கு அப்புறம் நஜ்முன்னிசாவின் குரல் வந்தது. “கேட்டுக்கிட்டுதாம்ளா இருக்கேன். வரட்டும். ஞாயித்துக்கெழம நான் பாத்துக்கிடுதேன். நீ மாவ நல்லாக் கரை.” பிறகு அதே மூச்சில், “எனக்கு இங்க வேற தொல்ல. இந்தப் பிள்ள காலையில ஒரு முட்ட, ராத்திரி ஒரு முட்ட, பாலு வேற! நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வான்னு நிக்கா. என்ன கேடு வந்துச்சுன்னு தெரியல!”

பேராச்சிக்கு இருந்த கவலையில் அது காதில் விழுந்தது, மனசில் தங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. சந்து முனையில் கண்ணாவின் பங்கார் கடை. பழைய இரும்பு, பிளாஸ்டிக், அட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். மூட்டைகளை எடை போட வாசலில் கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புத் தராசு. அதன் முன்னால் நஜ்முன்னிசா பெண்களைத் திரட்டி நிறுத்தியிருந்தாள். நாற்பதைத் தாண்டியவர்கள், தாண்டப் போகிறவர்கள், தாண்டியதை ஒப்புக்கொள்ளாதவர்கள், எல்லாரும் இருந்தார்கள்.

“அண்ணாச்சி!” என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள். “யாரு எண்பத்தொண்ணு, யாரு முப்பத்தொம்பதுன்னு தேடுனீருல்லா? வாரும். நாங்களே எடை போட்டுக் காட்டுதோம்.”

பேச்சிராஜா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். “விடும்மா, நாந்தான் நேத்தே கையெடுத்துக் கும்பிட்டேன்லா.”

“அதெல்லாம் முடியாது. சலோ, ஏறுங்கட்டி எல்லாரும்!”

ஒவ்வொருத்தியாக ஏறுவார்கள் என்றுதான் கண்ணா நினைத்தான். கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள்! ஒருத்தி சேலையை ஒருத்தி மிதிக்க, ஒருத்தி தோளை ஒருத்தி பிடிக்க, ‘யாத்தே, தள்ளாதளா’ என்று கூச்சல். நடுவில் நஜ்முன்னிசா, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பேராச்சி. கண்ணா, “மதினி, ஸ்பிரிங் போயிரும், புதுத் தராசு” என்று கெஞ்சினான். ஒரு காலை மட்டும் வைத்திருந்த ஒருத்தியையும் இழுத்து மேலே ஏற்றினார்கள்.

“படிடே கண்ணா!”

“ஐந்நூத்தி எழுவத்திரெண்டு!”

“கேட்டீரா அண்ணாச்சி? ஐந்நூத்தி எழுவத்திரெண்டு. இதுல யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எடுத்துக்கிடும். இதுக்குள்ள எண்பத்தொண்ணும் இருக்கும், முப்பத்தொம்பதும் இருக்கும், உம்ம வீட்டம்மாவும் இருக்கா!”

பேச்சிராஜாவின் மனைவி தராசின் பின்வரிசையிலிருந்து கையை ஆட்டினாள். சந்து சிரித்த சிரிப்பில் மேல்மாடித் தோல் பட்டறைப் பையன்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார்கள். சஃப்ரீன் ஓரமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “உம்மா! இதத்தான் எங்க ஆபீஸ்ல ஏசி போட்டு உக்காந்து செய்யுதோம். மொத்தம் மட்டும் வெளிய வரணும்! ஏக்தம் இதே!”

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் வேங்கடசுப்ரமணியன் வந்து நின்றார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கண்ணாடி முழுக்க ஆவி. அவரும் சதைப்பிடிப்பானவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தராசைப் பார்த்தார்.

“என்னம்மா இது, சர்க்கஸா?”

இசக்கிப்பாண்டி ஓடி வந்தான். பேராச்சி நஜ்முன்னிசாவின் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். இறங்கப் பார்த்தாள். நஜ்முன்னிசா விடவில்லை.

“சார், சரியான நேரத்துக்கு வந்தீய. எங்கள்ல ஒருத்திக்கு என்னமோ நோவுன்னு கேள்விப்பட்டுத்தான வந்தீய? நோவ விடுங்க, இந்தத் தராசுல ஏறி உங்க எடைய மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

வேங்கடசுப்ரமணியன் வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். “என் வெயிட் எதுக்கும்மா ஒனக்கு? நன்னாருக்கே! நாலு பேருக்கு நடுவுல!”

“எடையச் சொல்லவே நாலு பேருக்கு நடுவுல ஒங்களுக்குக் கூச்சமா இருக்கே சார். நோவ எப்படி எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுதது?”

பேராச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டது சிரிப்பு. வேங்கடசுப்ரமணியன் தோள் குலுங்கச் சிரித்தார்.

“என் ஆத்துக்காரிகிட்டயே நான் எடையச் சொல்றதில்ல. என்னை மடக்கிட்டே போ. சரி, நான் கேக்கப்படாதுதான். தப்பு. இட்லி ஊத்தற எடத்தக் காட்டு, நான் பாக்க வேண்டியது அதுதான்.”

பேராச்சியின் அடுப்படியைப் பார்த்தார். துலக்கி அடுக்கிய தட்டுகளைப் பார்த்தார். கொப்பரையைத் திறந்ததும் மறுபடி கண்ணாடி போயிற்று. நின்றபடியே நாலு இட்லி, மிளகாய்ப்பொடி வைத்துச் சாப்பிட்டார். அப்புறம் உட்கார்ந்து நாலு.

“நாளைக்கு அம்பது சேத்து அனுப்பு இசக்கி,” என்றார். வாசலில் நின்று திரும்பி, “ஆனா ஒண்ணும்மா, மூணு வருஷம் முன்னாடி கொஞ்ச நாள் வந்துதே, அந்த இட்லி இதைவிட ஒரு பிடி மேல,” என்றார்.

நஜ்முன்னிசா தலைநிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பேராச்சிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் பேராச்சி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் தானாகப் பாட்டு முணுமுணுத்தது. அப்போதுதான் தகரச் சுவருக்கு அப்புறம் விசும்பல் கேட்டது. சஃப்ரீன்.

“உம்மா, நெசத்தச் சொல்லு. அந்த எண்பத்தொண்ணு நீதான?”

“என்னட்டி ஒளறுத?”

“எனக்குத் தெரியும். அந்த வருசம் நீதான் போன் பண்ணி ‘எண்பத்தொண்ணு ஆயிட்டேன், ஒங்க வாப்பா கேலி பண்ணுதாரு’ன்னு அழுத. சுகருக்குப் போறதும் நீ. நான் ஆபீஸ்ல தெறந்து பாக்கல. பாக்கவும் முடியாது. முடிஞ்சாலும் பாக்க மாட்டேன். மைக்கப் பிடிச்சிருக்கையில தோணல, வீட்டுக்கு வந்ததும் அந்த எடை ஞாபகம் வந்துட்டு. முப்பத்தொம்பதுதான் எவனோ தப்பா எழுதியிருக்கான். அப்ப டிபியும் உனக்குத்தான?”

பேராச்சியின் கை உளுந்துத் தண்ணீருக்குள் அப்படியே நின்றது. மூச்சுவிடாமல் கேட்டாள். இல்லை என்று நஜ்முன்னிசா சொன்னால், அடுத்த கேள்வி ‘அப்போ உன் கார்டில் போனது யார்’ என்பதுதான். படித்த பிள்ளை கேட்காமல் விடுமா?

பிறகு நஜ்முன்னிசாவின் குரல், ரொம்பச் சாதாரணமாக.

“ஆமா. எனக்குத்தான். அதான் சொகமாயிட்டுல்லா, பெறகென்ன?”

“நான் புனேல பிரியாணி தின்னுட்டு ஊரு சுத்திட்டு இருந்தேன் உம்மா. நீ இங்க தனியா மருந்து தின்னுட்டு இருந்திருக்க. எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அவ்வளவு வேத்தாளா?”

“சொல்லத் தோணல. அழாத. முட்டய வேணும்னா கொண்டா, தின்னுதேன்.”

ஒருநாளாவது ‘யாரிடமும் சொல்லாதே’ என்று நஜ்முன்னிசாவிடம் பேராச்சி கேட்டதில்லை. கேட்காமலே, பெற்ற மகள் அழும்போதுகூட, தனக்கு வராத நோயைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே இந்தக் குண்டச்சி! பாவி மகளே, என்று திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். நஜ்முன்னிசா தொழப் போனாள். பேராச்சி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“சஃப்ரீனு, இங்கன வா. இந்த உளுந்தப் பிடி.”

சஃப்ரீன் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பேராச்சி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“ஏட்டி, அந்த முப்பத்தொம்பத எவனும் தப்பா எழுதல.”

சஃப்ரீன் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோல் சட்டென்று கையைத் தூக்கினாள். “அத்தே, வேண்டாம். நான் கேக்கல. நீங்க சொல்லணும்னு ஒண்ணும் இல்ல.”

“நீ கேக்கலங்கதுனாலதான் சொல்லுதேன். நானாச் சொல்லுதேன். டிபி எனக்கு. கார்டு உங்கம்மாது. அவ புர்காவப் போட்டுக்கிட்டு அவ பேருல போயி நாந்தான் மருந்து வாங்கித் தின்னேன். உங்கம்மாவுக்கு ஒரு தும்மல்கூடக் கெடையாது.”

சஃப்ரீன் வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகு மெல்ல, “அந்தப் புர்காவுக்குள்ள நீங்களா?” என்றாள். அவ்வளவுதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. பேராச்சியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். “நாலு நாளா நான் உம்மாவுக்கு முட்ட அவிச்சு அவிச்சு… கம்ப்யூட்டர் உளறவே இல்ல அத்தே! நீங்க ரெண்டு பேரும்தான்…”

“நர்சு பேரு சொல்லிக் கூப்பிடுதா, எனக்கு அது எம் பேருன்னே தெரியல,” என்றாள் பேராச்சி. அவளுக்கும் தாங்கவில்லை. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாமல் வைத்திருந்த சிரிப்பு. உளுந்துச் சட்டி கால் தட்டிக் கவிழ்ந்து, தண்ணீர் வாசல்வரை ஓடியது.

சிரித்து ஓய்ந்ததும் சஃப்ரீன் மூக்கை உறிஞ்சினாள். “அப்ப உம்மா ஏன் தனக்குன்னு சொல்லுச்சு?” என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் பேராச்சியின் முகத்தைப் பார்த்தாள். பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. தகரச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. தொழுதுவிட்டு வந்த நஜ்முன்னிசா, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தரையில் ஓடும் தண்ணீரையும், கண்ணீரும் சிரிப்புமாக இருக்கும் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“என்னத்தட்டி ரெண்டு பேரும் பேசிச் சிரிக்கிய?”

பேராச்சி வாயைத் திறக்குமுன் சஃப்ரீன் சொன்னாள்.

“அது அத்தை விசயம் உம்மா. நான் எப்படிச் சொல்ல?”

நஜ்முன்னிசா மகளைப் பார்த்தாள். பேராச்சியைப் பார்த்தாள். பேராச்சி, சொல்லிவிட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள். நஜ்முன்னிசா ‘அல்லாவே’ என்று அப்படியே பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துப் பாரமும் சேர்ந்து இறங்கியதில் பலகை கிறீச்சிட்டது. பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப நாளையில இருந்து எனக்கு முட்ட கெடையாதா?”